ஒரு தலைவலியும் இயற்கைப் பருத்தியும்

பருத்தி ஆடை என்றாலே உடம்புக்கு நல்லது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் 1988-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பேட்டகோனியா நிறுவனம் திறந்த துணிக்கடையில் நடந்ததே வேறு. சில நாட்களிலேயே ஊழியர்களுக்குத் தலைவலி! பருத்தி ஆடைகளில் சுருக்கம் விழாமலிருக்க ஆலையில் சேர்த்த ஃபார்மால்டிஹைடு, காற்றோட்டம் இல்லாத கடைக்குள் சுற்றியதுதான் காரணம்.

நிறுவனர் இவோன் ஷூனார்ட் அதோடு விடவில்லை. துணி வந்த வழியை வயல்வரை ஆராய்ந்தபோது, பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளும், அறுவடைக்கு முன் இலை உதிரத் தெளிக்கும் இரசாயனமும் தெரியவந்தன. 1994-ல் முடிவெடுத்து, 1996-ல் எல்லாப் பருத்தி ஆடைகளையும் இயற்கைப் பருத்திக்கு மாற்றிவிட்டார்கள். பஞ்சு விலை அதிகம். நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே ஆடை ரகங்களைக் குறைத்துக்கொண்டு துணிந்தார்கள்.

இதில் பெரிய லாபம் யாருக்கு? உடுத்துபவரைவிட உழுபவருக்குத்தான். செயற்கை உரம், இரசாயனப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய விதை எதுவும் இயற்கைப் பருத்தி வயலில் கூடாது.

ஆனால் ஒன்று நண்பர்களே! பாஸ்டனில் தலைவலி தந்தது வயல் அல்ல, ஆலை. வயல் சுத்தமானால் மட்டும் போதாது. 2000-களில் வந்த ஜிஓடிஎஸ் தரச்சான்று நூற்பு, சாயம், தையல்வரை சோதிக்கிறது, ஃபார்மால்டிஹைடுக்கும் தடை. சட்டை வாங்கும்போது 'இயற்கை' என்ற சொல்லை மட்டும் நம்பாமல், அந்த முத்திரையையும் தேடுங்கள்.