புள்ளியை எண்ணி ஏமாறாதீங்க

எழுமலை, உசிலம்பட்டிப் பக்கத்துப் புஞ்சைகளிலே மொச்சையிலும் தட்டைப்பயறிலும் அசுவினி விழுந்த சமயத்தில் கொழுந்தை உற்றுப் பாருங்க. பயறைப் பிளந்து கவிழ்த்து வைத்தாற்போலச் சின்னச் சின்ன வண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அதுதான் பொறிவண்டு. ஒன்று மஞ்சள், மேலே நெளிநெளியாய்க் கறுப்புக் கோடு. இன்னொன்று நல்ல சிவப்பு. வேறொன்றில் கறுப்பே தூக்கல். "மூணு தினுசு வண்டு பத்திருச்சு, மருந்தை அடி" என்று கிளம்பிவிடுவோம். மூன்றும் ஒரே இனம் என்றால் நம்புவீங்களா? படித்த மேதைகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

கதை நம் கடற்கரையிலிருந்தே தொடங்குகிறது. 1768-ல் கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவரும் டென்மார்க் நாட்டு ஃபேப்ரிசியஸும் லின்னேயஸ் என்ற ஒரே ஆசானிடம் படித்தவர்கள். இங்கிருந்து போன பூச்சிகள் பலவற்றுக்கு ஃபேப்ரிசியஸ்தான் பெயர் வைத்தார்.

அந்தக் காலத்தில் புள்ளியை எண்ணித்தான் வண்டுக்குப் பெயர். 1781-ல் நம் பொறிவண்டுக்கு 'ஆறு திட்டு வண்டு' என்ற பொருளில் ஃபேப்ரிசியஸ் பெயர் வைத்தார். 1808-ல் ஸ்வார்ட்ஸ் என்பவர் கறுப்பு தூக்கலான ஒன்றைப் பார்த்து, 'நாலு திட்டு வண்டு' என்று தனிப்பெயர் கொடுத்தார். பிற்பாடுதான் இரண்டும் ஒன்றே என்று சேர்த்தார்கள். சட்டையை வைத்து ஆளை எண்ணின கதைதான்!

நிறம் ஏன் மாறுகிறது? நம் வண்டுக்கு உறவான ஓர் ஆசிய வண்டு உண்டு. அதில் இருநூறுக்கு மேற்பட்ட கோலங்கள். சீன அறிஞர் தான் ஜியாஜென் வெவ்வேறு கோல வண்டுகளை இணைசேர்த்து, குஞ்சுகளை வளர்த்துப் பார்த்து, 1946-ல் முடிவை வெளியிட்டார். தாய்க்கு எங்கே கறுப்போ, தகப்பனுக்கு எங்கே கறுப்போ, அந்த இடமெல்லாம் பிள்ளைக்கும் கறுப்பு. ஒரே தாய் வயிற்றில் கறுப்பும் சிவப்பும் பிறப்பதில்லையா? அதுபோலத்தான். அந்தக் கோலத்தை ஆட்டிவைப்பது முக்கியமாக ஒரே ஒரு மரபணு என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள்.

சரி, இதனாலே நமக்கு என்ன லாபம் என்பீங்க. இருக்குதுங்க. ஃபேப்ரிசியஸ் 1775-லேயே இன்னொரு வண்டுக்கு 'இருபத்தெட்டுப் புள்ளி வண்டு' என்று பெயர் வைத்தார். அதுதான் நம் கத்தரியையும் பாகலையும் சல்லடையாக்கும் எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக்குப் பங்காளிதான், ஆனால் பகையாளி. அதற்கும் எப்போதும் இருபத்தெட்டு இருக்காது. பன்னிரண்டு முதல் இருபத்தெட்டு வரை கூடும், குறையும். ஆகவே புள்ளியை எண்ணினால், நண்பனைக் கொன்று பகைவனை விட்டுவிடுவோம்.

பின்னே எப்படிப் பிரிப்பது? முதுகைப் பாருங்க. நண்பனுக்கு எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. பகைவன் செங்காவி நிறம், மேலே நுண்ணிய ரோமம், மினுப்புக் கிடையாது. புழுவைப் பாருங்க. நண்பனின் புழு கறுத்த உடம்பும் நீண்ட காலுமாய் அசுவினியைத் தேடி ஓடும். பகைவனின் புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைத்த முள். இலையடியில் உட்கார்ந்து பச்சையைச் சுரண்டும். முட்டையை மட்டும் நம்பாதீங்க. இரண்டுக்கும் மஞ்சள் முட்டைதான், கூட்டமாய் நிற்கும்.

பகைவனையும் அதன் புழுவையும் கையால் பொறுக்கி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்க. நண்பன் நிறைய இருந்தால் மருந்தடிக்க அவசரப்படாதீங்க. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்க. அசுவினி குறைகிறதா என்று கவனியுங்க. கூலி கேட்காத ஆள் அது. மஞ்சளோ, சிவப்போ, கறுப்போ, நம்ம ஆள்தான்.