கூந்தல் தைலம் வந்த வழி



தோட்டத்துக் குடும்பங்கள் மாதச் சாமான் வாங்கும்போது அரிசி, பருப்பு, சீனியோடு தவறாமல் இடம்பெறும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் தலைக்கு வைக்கும் எண்ணெய். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் பெண், எத்தனை அவசரம் இருந்தாலும், உள்ளங்கையில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுத் தலையில் தேய்த்து, வாரி முடிந்து, அதன்மேல் துணியைக் கட்டிக்கொண்டுதான் வாசற்படி இறங்குவாள்.

அந்த எண்ணெய் இப்போது பல பெயர்களில் வருகிறது. மூலிகைத் தைலம், கூந்தல் வளர்க்கும் தைலம், வழுக்கை போக்கும் தைலம் என்று கடைகளில் புட்டிகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. சில புட்டிகளின் விலை ஒரு நாள் கூலியையே விழுங்கிவிடும். வாங்கிப் பார்க்கலாமா, வேண்டாமா? பக்கத்து வீட்டு அக்கா நல்லது என்கிறாரே, நம்பலாமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேட, கூந்தல் தைலத்தின் வரலாற்றையே இன்று சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் 'எண்ணெய்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். எள் என்பதும் நெய் என்பதும் சேர்ந்ததே எண்ணெய். ஆகவே ஆதியில் அது எள்ளிலிருந்து எடுத்த நெய்யை மட்டுமே குறித்தது. பின்னர்தான் தேங்காய் எண்ணெய், ஆமணக்கெண்ணெய் என்று மற்றவற்றுக்கும் அந்தப் பெயர் பரவிற்று. பழந்தமிழர் பெண்களின் கூந்தலை 'ஐம்பால்' என்றனர். ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். முடிப்பதில் ஐந்து வகை கண்டவர்கள், அதைப் பேணுவதிலும் அக்கறை காட்டினார்கள். கூந்தலுக்கு எண்ணெய் பூசுவதும் அகிற்புகை ஊட்டுவதும் பழைய இலக்கியங்களில் பேசப்படுகின்றன.

மருத்துவ நூல்களும் இதைச் சொல்கின்றன. ஆயுர்வேதத்தின் பழம்பெரும் நூலான சரக சம்ஹிதை, நாள்தோறும் தலைக்கு எண்ணெய் வைப்பவருக்குத் தலைவலி வராது, வழுக்கை விழாது, நரை தோன்றாது என்று கூறுகிறது. எனவே, தைலப் புட்டியின் மேல் இன்று நாம் படிக்கும் வாக்குறுதி நேற்றுப் பிறந்ததன்று. அதன் வயது இரண்டாயிரம் ஆண்டுகளை நெருங்கும்.

தலைத் தைலத்துக்குச் சேர்க்கும் மூலிகைகளில் முதலிடம் பெறுவது கரிசலாங்கண்ணி. ஈரமான இடங்களிலும் கால்வாய் ஓரங்களிலும் தானே முளைக்கும் சின்னஞ்சிறு செடி. வெள்ளைப் பூ பூக்கும். இலையைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கருத்துவிடும். வடமொழியில் இதற்குப் பிருங்கராஜம் என்று பெயர். நம் நாட்டு மலாய்க்காரர்கள் இதே செடியை 'ஊராங் ஆரிங்' என்று அழைத்து, அவர்களும் தலை எண்ணெயில் சேர்க்கிறார்கள். கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள், தாங்கள் அறிந்த செடியை இந்த மண்ணிலும் கண்டார்கள்.

ஆனால் அடிப்படை எண்ணெய் மட்டும் இங்கே சற்று மாறியது. ஊரில் நல்லெண்ணெய் வைத்துப் பழகியவர்கள்கூட இங்கே தேங்காய் எண்ணெய்க்குப் பழகினார்கள். காரணம் எளிது. எள் இங்கே விளைவதில்லை என்றே சொல்லலாம். தேங்காயோ கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. பேராக்கில் பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னந்தோட்டங்களே இருந்தன. அங்கே தேங்காய் உரித்து, கொப்பரை உலர்த்திய கைகளில் தமிழர் கைகளும் உண்டு.

தைலம் காய்ச்சும் முறையிலும் ஒரு நுட்பம் இருந்தது. இலைச்சாற்றை எண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் வைத்துக் கிண்டுவார்கள். சாற்றிலுள்ள நீர் கொதித்து வெளியேறும்வரை சடசடவென்று ஓசை கேட்கும். நீர் வற்றியதும் ஓசை அடங்கும். ஒரு திரியை அந்த எண்ணெயில் நனைத்துப் பற்றவைத்தால் வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் நீர் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். நீர் தங்கிய தைலம் சில நாட்களில் கெட்டு நாறும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் செய்த இந்தச் சோதனை, பள்ளிக்கூட அறிவியல் பாடத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று.

நேயர்களே, வீட்டில் காய்ச்சிய இந்தத் தைலம் கடைச் சரக்காக மாறியபோது கதை வேறு பாதையில் திரும்பியது.

நமக்கு அண்டையிலுள்ள சுலாவெசித் தீவில் மக்காசார் என்றொரு துறைமுகம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரில் ரோலண்ட் என்னும் முடிதிருத்துநர் குடும்பம், 'மக்காசார் எண்ணெய்' என்ற பெயரில் ஒரு தலை எண்ணெயை விற்றது. தூரத்துக் கீழ்த்திசைத் தீவின் பெயரைச் சொன்னதும் அதில் ஏதோ அதிசயம் இருப்பதாக ஆங்கிலேயர் நம்பினார்கள். பத்திரிகை விளம்பரங்கள் முடி வளரும் என்று உறுதி கூறின. கவிஞர் பைரன்கூட 1819-இல் வெளிவந்த தம் நெடுங்கவிதையில் அதைக் குறிப்பிட்டுக் கேலி செய்தார். எண்ணெய்த் தலைகள் நாற்காலிகளில் சாய்ந்து சாய்ந்து கறை படிந்ததால், நாற்காலியின் முதுகில் துணி விரிக்கும் பழக்கமே அந்நாட்டில் தோன்றியது. இன்றும் சில வீடுகளில் நாற்காலியின் முதுகில் பின்னல் துணி விரித்திருப்பதைக் காண்கிறோம் அல்லவா? அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே 'மக்காசாருக்கு எதிரானது' என்று பொருள்படும்.

அடுத்து கல்கத்தாவுக்கு வருவோம். 1878-இல் சி. கே. சென் என்பாரின் நிறுவனம் 'ஜபாகுசும்' என்னும் தைலத்தைக் கொண்டுவந்தது. ஜபாகுசும் என்றால் செம்பருத்திப் பூ. பின்னர் எச். போஸ் என்னும் வணிகர் 'குந்தலின்' என்ற கூந்தல் தைலத்தை விற்றார். அவர் விளம்பரத்துக்குப் புதுவழி ஒன்றைக் கண்டார். தம் தைலத்தின் பெயர் எங்கேனும் இடம்பெறும் சிறுகதைக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். 1896-ஆம் ஆண்டு முதற்பரிசு பெற்ற கதையில், காய்ச்சலால் முடி உதிர்ந்த ஒருவர் கப்பலில் பயணம் போகிறார். நடுக்கடலில் புயல் வருகிறது. அவர் தம் கூந்தல் தைலத்தைக் கடலில் ஊற்றுகிறார், அலை அடங்கிவிடுகிறது! பெயர் போடாமல் இந்தக் கதையை எழுதியவர் யார் தெரியுமா? புகழ்பெற்ற விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்தான். எண்ணெய் நீர்ப்பரப்பில் படர்ந்து சிற்றலையை அடக்கும் என்பது இயற்பியல் உண்மை. அந்த உண்மையை வைத்து அவர் ஒரு வேடிக்கைக் கதை செய்தார். ஒரு துளி உண்மையின் மேல் ஒரு கடலளவு கற்பனை. தைல விளம்பரங்கள் பலவும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இனி நான் சொல்லப்போகும் பெண்ணின் கதை, தோட்டத்துக் குடும்பங்கள் அவசியம் கேட்க வேண்டியது. 1867-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஒரு பருத்தித் தோட்டத்தில் சாரா என்னும் கறுப்பினப் பெண் பிறந்தார். அவருடைய பெற்றோர் அந்தத் தோட்டத்திலேயே அடிமைகளாக இருந்தவர்கள். சாரா ஏழு வயதில் பெற்றோரை இழந்தார்; பதினான்கு வயதில் மணமுடித்தார்; இருபது வயதில், கையில் ஒரு பெண்குழந்தையோடு கணவரையும் இழந்தார். பிறகு பல ஆண்டுகள் துணி வெளுத்துப் பிழைத்தார். அந்நாளில் ஏழைகளின் வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அடிக்கடி தலை முழுக முடியாமல் தலையில் பொடுகும் புண்ணும் கண்டு, பலருக்கு முடி கொட்டியது. சாராவுக்கும் கொட்டியது.

அவர் முதலில் வேறொரு பெண் தயாரித்த தைலத்தை விற்றார். பின்பு 1906-ஆம் ஆண்டு வாக்கில், மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் தம் சொந்தத் தயாரிப்பை வீடு வீடாகக் கொண்டு சென்றார். 1910-இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொழிற்சாலை நிறுவினார். ஏழைப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு விற்பனைத் தொழில் கற்றுக்கொடுத்தார். 1919-இல் அவர் மறைந்தபோது, அமெரிக்காவின் மிகப் பெரிய செல்வப் பெண்மணிகளுள் ஒருவராக இருந்தார். தோட்டத்தில் பிறந்தவள் தோட்டத்தோடு முடிந்துபோக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அவருடைய தயாரிப்பில் கந்தகம் சேர்ந்திருந்தது. கந்தகம் பொடுகையும் புண்ணையும் ஆற்றக்கூடியது. அதோடு, தலையை அடிக்கடி கழுவிச் சுத்தமாக வைக்க வேண்டும் என்றும் அவர் கற்பித்தார். புண் ஆறியது, தலை சுத்தமாயிற்று, முடியும் வளர்ந்தது. எனினும் 'முடி வளர்ப்பான்' என்ற பெயர் புட்டியின் மேல்தான் இருந்தது!

இங்கேதான் தைலத்தின் வரலாற்றில் ஒளிந்திருக்கும் இரகசியம் வெளிப்படுகிறது. கடுங்காய்ச்சல் கண்டவர்களுக்கும் குழந்தை பெற்ற தாய்மார்களுக்கும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். மலாயாத் தோட்டங்களில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலேரியா எத்தனை கொடுமை செய்தது என்பதை நம் மூத்தோர் அறிவார்கள். பிழைத்து எழுந்தவர்களின் தலை மெலிந்து போயிருந்தால் அதில் வியப்பில்லை. இப்படி உதிர்ந்த முடி, உடம்பு தேறியதும் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே முளைத்துவிடும். முடி கொட்டும் நேரத்தில்தானே நாம் தைலம் தேடுவோம்? தேய்க்கத் தொடங்கிய சில மாதங்களில் முடி வந்துவிடும். செய்தது உடம்பு, பெயர் வாங்கியது தைலம். பக்கத்து வீட்டு அக்கா பொய் சொல்லவில்லை. அவர் கண்டது உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் வேறு.

அப்படியானால் எண்ணெயால் பயனே இல்லையா? உண்டு. 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டது. தேங்காய் எண்ணெய் மட்டுமே முடியின் புரதம் கழுவும்போது கரைந்து போவதைக் குறிப்பிடத்தக்க அளவு தடுத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளேயே புகக்கூடியது என்பது காரணம். ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும். ஆயினும் எண்ணெய் வைத்த முடி சிக்கில்லாமல் வாரப்படுவதும், எளிதில் முறியாமல் இருப்பதும் நாம் கண்கூடாகக் காண்பவை. முறியாத முடி நீளமாகத் தோன்றும். கரிசலாங்கண்ணியைப் பொறுத்தவரை, எலிகளிடம் செய்த சோதனைகளில் முடி வளர்ச்சி காணப்பட்டிருக்கிறது. மனிதரிடம் அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

சுருங்கச் சொன்னால், எண்ணெய் இருக்கும் முடியைக் காக்கும். வழுக்கையில் முடி முளைக்கச் செய்யாது. அமெரிக்க அரசாங்கம் 1989-இலேயே, மருத்துவர் சீட்டில்லாமல் முடி வளர்ப்பதாகக் கூறி விற்கப்பட்ட தடவு மருந்துகளுக்குத் தடை விதித்தது. அவை பயன் தருவதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

இனி, தைலத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் செய்ய வேண்டியவை. வீட்டில் காய்ச்சுவதாயின், களைக்கொல்லி மருந்து அடித்த இடத்தில் ஒருபோதும் செடி பறிக்காதீர்கள். காட்டுக் கால்வாய் ஓரத்தில் செழித்து நிற்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். வீட்டுத் தொட்டியில் வளர்த்த செடியே நல்லது. கடையில் வாங்குவதாயின், புட்டியில் எழுதியிருப்பதைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூலிகை மருந்தாக விற்கப்படுவது 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணையும், அழகுப் பொருளாக விற்கப்படுவது 'நோட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணையும் பெற்றிருக்க வேண்டும். பொருள்களின் பட்டியலில் கனிம எண்ணெய் முதலில் இருந்தால், மூலிகை பெயருக்குத்தான் இருக்கிறது என்று அறிக.

எதுவாயினும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் தலையில் வைக்க வேண்டாம். வராவிட்டால், தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே ஒரு வாரத்தில் பலன் என்பவரை நம்பாதீர்கள். மூன்று மாதம் பாருங்கள். நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடிவரை உதிர்வது இயல்பு. சீப்பில் நாலு முடி கண்டு கலங்க வேண்டாம்.

பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டியிருந்தாலும், செதிலோ சீழோ இருந்தாலும், தைலம் தேய்த்து நாளை வீணாக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அது படர்தாமரையாக இருக்கலாம். ஒரே சீப்பினால் மற்றப் பிள்ளைகளுக்கும் பரவும். பெண்களுக்கு முடி ஓயாமல் கொட்டி, மயக்கமும் களைப்பும் இருந்தால், இரத்தச் சோகையா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் தைலத்துக்குச் செலவிடும் வெள்ளியை முட்டைக்கும் மீனுக்கும் கீரைக்கும் செலவிடுவது மேல்.

நம் பாட்டிமார்கள் தலையில் எண்ணெய் வைத்துவிட்டபோது எந்த வாக்குறுதியும் தரவில்லை. பிள்ளையை மடியில் இருத்தி, பேன் பார்த்து, சிக்கெடுத்து, இதமாகத் தேய்த்துவிட்டார்கள். அந்தப் பராமரிப்பு விலையில்லாதது. அதை விடாமல் தொடருங்கள். புட்டியின் மேல் எழுதியிருக்கும் வாக்குறுதிக்கு மட்டும், கூலிப் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள்.