ராத்தாவின் ஆறு வருடங்கள்

தாழ்வுபாட்டைச் சேர்ந்த என் மாணவி ஒருத்தி, மீனவர் வீட்டுப் பிள்ளை, உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு என்னிடம் வந்தாள். கட்டுநாயக்காவுக்கு வேலைக்குப் போகிறாளாம். "ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதீங்க டீச்சர். கொழும்பில கோர்ஸ் படிக்கிறன் எண்டுதான் அம்மா சொல்லுவா" என்றாள். இந்தப் பொய் எனக்குப் பழக்கமானது.

கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் ஆரம்பிக்கப்பட்டது. அதன் ஆடைத் தொழிற்சாலைகளை நிரப்பியவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். தையல் மெசினின் பெயரையே வசையாக்கி, 'ஜூக்கிப் பெட்டைகள்' என்று நகரம் அவர்களைக் கேலி செய்தது. 1984இல் அங்கே உருவான பெண் தொழிலாளர் அமைப்பு, வியர்வைத்துளி எனப் பொருள்படும் 'தபிந்து' என்ற பெயரைச் சூடிக்கொண்டது.

1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது மன்னார் யுத்தத்துக்குள் கிடந்தது. நாங்களோ மன்னாரிலேயே இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில்தான் வளர்ந்தேன்.

1996இல் பெரியும்மாவின் மகள், எங்கள் ராத்தா, கட்டுநாயக்காவுக்குப் போனா. கேட்டவர்களுக்கு "கொழும்புல மாமி வீட்டுல நிக்கிறா" என்றே பதில். போடிங் அறை ஒன்றில் ஆறு பேரோடு படுத்து, ஓவர்டைம் செய்து அனுப்பிய காசில்தான் கொட்டிலுக்குத் தகரக் கூரை வந்தது. நான் தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்ததும் அந்தக் காசில்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் அந்த ஆறு வருடங்களை எவரும் சொல்லவில்லை.

வெளியேற்றத்தைப் பற்றி நாம் எழுதும்போது இழந்த காணி, கடை, படகு, பள்ளிவாசல் என்று கணக்கெடுக்கிறோம். அது அவசியம்தான். ஆனால் அகதி வாழ்வில் அடுப்பெரிய வைத்த பெண்பிள்ளைகளின் கூலி அந்தக் கணக்கில் வருவதில்லை. மானம் போய்விடும் என்ற பயத்தில் நாமே மறைத்துவிட்டோம். நானும் இதுவரை எழுதியதில்லை.

மாணவியை ராத்தாவோடு போனில் பேச வைத்தேன். "ஈபிஎஃப் நம்பர எழுதி வெச்சுக்க மகள். ஒங்கட சம்பளத்துல 8 வீதம் வெட்டினா அவங்க 12 வீதம் போடணும். சம்பளச் சீட்ட எறிஞ்சிராத" என்றா. பிறகு என்னிடம், "நான் அங்க வேல செஞ்ச கதய எழுதன் புள்ள. இனி ஆருக்குப் பயம்?" என்று கேட்டா.

எழுதிவிட்டேன், ராத்தா.