மணிமேகலையும் முற்பிறப்புக் காதலும்

பதின்பருவத்தினருக்கான அமானுஷ்யக் காதல் புதினங்களை மேலைநாட்டுச் சரக்கென்றே நாம் கருதி வருகிறோம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையை வாசித்தால் இக்கருத்து நில்லாது.

இளம்பெண் ஒருத்தியைத் தெய்வம் மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. தன்னை விரும்பிப் பின்தொடரும் சோழ இளவரசன் உதயகுமரனே முற்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்பதை அங்கே அவள் அறிகிறாள். வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் மந்திரம் பெறுகிறாள். பின்னர் புகார் நகரில், அவனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை மேற்கொள்கிறாள்; அவ்வுருவே அவனுக்கு எமனாகிறது. காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன், தன் மனைவி இளவரசனை நாடியதாக எண்ணி, நள்ளிரவில் அவனை வாளால் வீழ்த்துகிறான். உடலருகே செல்லத் துடிப்பவளைக் கந்திற்பாவை தடுக்கிறது. முற்றத் துறந்தவளுக்கு அத்துடிப்பு ஏது? காப்பியத்தின் உயிர் அவ்விடத்தில் இருக்கிறதென்போம்.

இந்நூலை 1898இல் பதிப்பித்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் தந்தையார் உடையார்பாளையம் ஜமீன் வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஐயரின் இளமைத் தமிழ்க் கல்வியில் ஒரு பகுதி அரியலூர்ச் சடகோபையங்காரிடம் நிகழ்ந்தது. நூலிலுள்ள பௌத்தக் கருத்துகளைத் தெளிந்துகொள்ள அவருக்குத் துணைநின்றவர் கும்பகோணம் கல்லூரியின் மளூர் ரங்காசாரியார்.

அத்தனை உழைப்பில் கிடைத்த நூல், இன்று நம் வகுப்பறைகளில் அமுதசுரபியும் அறவுரையுமாகச் சுருங்கிவிடுகிறது. பதினெட்டு வயதினரிடம் அதை முதலில் கதையாகக் கொடுப்போம். அறத்தை அவர்களே கண்டடைவார்கள்.