மெக்ரிட்சி காட்டில் ஒளிந்து வாழும் லங்கூர்... பார்த்திருக்கீங்களா?

மெக்ரிட்சி பக்கம் நடக்கப் போனால் குரங்கு பார்க்காமல் திரும்ப மாட்டோம். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் போதும், கிட்டவே வந்துவிடும்! அது நீளவால் மக்காக்.

அதே காட்டில் இன்னொரு குரங்கு இருக்கிறது. பெயர் ராஃபிள்ஸ் லங்கூர். உடல் கறுப்பு, தொடையில் வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றி வெள்ளை. குட்டியோ நேர்மாறு: வெள்ளை உடல், முதுகில் சிலுவை மாதிரி கறுப்புக் கோடு. இளம் இலை, பழம், விதைதான் சாப்பாடு. உங்கள் பையில் என்ன இருக்கிறது என்று அதற்குக் கவலையே இல்லை. ஆளைக் கண்டால் கிளைக்குக் கிளை தாவி மறைந்துவிடும்.

1838இல் இந்த இனம் முதலில் விவரிக்கப்பட்டது சிங்கப்பூரில் கிடைத்த லங்கூரை வைத்துத்தான். அப்போது தீவு முழுக்க இருந்தது. பிறகு காடு சுருங்கியது. புக்கிட் தீமாவில் மிஞ்சியிருந்த கடைசி லங்கூரை 1987இல் நாய்கள் கடித்துக் கொன்றன. இன்று சிங்கப்பூரில் இருப்பவை ஏறக்குறைய 80தான். மற்றவை மலேசியாவில், ஜொகூரிலும் பகாங்கிலும்.

2020இல் ஆய்வாளர்கள் லங்கூரின் எச்சத்திலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். (ஆமாம், காட்டில் எச்சம் தேடி அலைந்தார்கள்!) சுமத்ராவில் உள்ளதும் இதுவும் ஒன்றே என்று நினைத்திருந்தது தவறு, இது தனி இனம் என்று தெரிந்தது. இனம் தனி என்றால், இழப்பை ஈடுகட்ட வேறெங்கும் கையிருப்பு இல்லை. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் சேர்ந்தது.

எண்ணிக்கை மட்டும் பிரச்சினை இல்லை. இருக்கும் கொஞ்சமும் நெருங்கிய சொந்தங்கள். மரபணு வேறுபாடு ரொம்பக் குறைவு. கூட்டங்கள் கலந்தால்தான் அடுத்த தலைமுறை வலுவாக இருக்கும். ஆனால் நடுவில் ரோடு! மரக்கிளைகள் எட்டாத இடத்தில் லங்கூர் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். அதனால் 2019இல் ஓல்டு அப்பர் தாம்சன் ரோட்டுக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. லங்கூர்கள் அவற்றில் நடந்து போகவும் ஆரம்பித்துவிட்டன.

2016 முதல் ஒரு பணிக்குழு இவற்றைக் கவனித்து வருகிறது. காட்டில் நடந்து எண்ணுவதில் தொண்டூழியர்களுக்குப் பெரிய பங்கு. நீங்களும் சேரலாம். கால் வலிக்க நடந்துவிட்டு ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்பும் நாளும் வரும். பார்த்துவிட்டால் இடம், நேரம், எத்தனை, குட்டி உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். செல்ஃபிக்குக் கிட்டப் போகாதீங்க.