சமண மரபில் துயிலும் தியானமும்

அடையாற்றங்கரையில் அமைந்த சைதாப்பேட்டை, கல்வியோடு நெடிய தொடர்புடைய ஊர். 1856-இல் தொடங்கப்பெற்ற ஆசிரியர் கல்லூரி பின்னர் இவ்வூரில்தான் நிலைபெற்றது. டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றதும் இங்கேதான். இன்று இப்பகுதியில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோரிடம் கேட்டால், மதிப்பெண்ணைப் பற்றிய கவலைக்கு அடுத்தபடியாக உறக்கத்தைப் பற்றிய கவலையைக் கூறுவர். நள்ளிரவு கடந்தும் அலைபேசி அணைவதில்லை. இதற்கு மாற்றாக மனவிழிப்புப் பயிற்சியை மேலைநாட்டுக் கல்லூரிகள் பல கற்பிக்கின்றன. இதனைப் புதுமை என்று கருதுவோர் பலர்.

சமண மரபுக்கு இது புதுமையன்று. ஆயினும் அம்மரபு துயிலைக் கண்ட விதம் வேறு. ஆன்மாவின் காட்சியை மறைக்கும் தரிசனாவரணீய வினை ஒன்பது வகைப்படும். அவற்றுள் ஐந்து துயிலின் வகைகளே. எளிதில் விழிக்கக்கூடிய துயில் நித்திரை. எழுப்புதற்கு அரியது நித்திரா நித்திரை. அமர்ந்தும் நின்றும் உறங்குவது பிரசலை. நடக்கும்போதே உறங்குவது பிரசலா பிரசலை. உறக்கத்திலேயே எழுந்து செயல் புரிந்து, விழித்தபின் அதனை அறியாதிருப்பது ஸ்தியானகிருத்தி. உறக்கத்தை இத்துணை நுணுகி ஆராய்ந்த பழைய சமயங்கள் மிகச் சிலவே. (காலை முதல் பாடவேளையில் பிரசலையை எந்தக் கல்லூரியிலும் காணலாம்.)

உத்தராத்தியயன சூத்திரம் துறவியரின் இரவை நான்கு யாமமாகப் பகுக்கிறது. முதல் யாமம் ஓதுதற்கு, இரண்டாவது தியானத்திற்கு, மூன்றாவது துயிலுக்கு, நான்காவது மீண்டும் ஓதுதற்கு. துயிலுக்கு ஒரே யாமம்! தமிழகத்து மலைக்குகைகளில் காணும் கற்படுக்கைகளை இவ்விதியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். மாங்குளத்திலும் சித்தன்னவாசலிலும் தமிழ்ப் பிராமி எழுத்துகளோடு காணப்பெறும் அப்படுக்கைகள் நெடுந்துயிலுக்கு உரியன அல்ல. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் தலைப்பக்கம் சற்றே உயர்த்திச் செதுக்கப்பட்டிருப்பதொன்றே உடலுக்குக் காட்டிய சலுகை.

ஆகவே, விழிப்பை வளர்க்க எழுந்த ஒரு பயிற்சியைத் துயில் வருவிக்கப் பயன்படுத்தலாமா என்ற வினா எழுவது இயல்பே. இதற்கு விடை காயோத்சர்க்கத்தில் உள்ளது. நாள்தோறும் செய்யவேண்டிய ஆறு ஆவசியகங்களுள் ஒன்றாகிய இது, உடலின்மீதுள்ள பற்றை விடுதல் என்று பொருள்படும். சிரவணபெளகொளவில் 57 அடி உயர்ந்து நிற்கும் பாகுபலியின் கோலமும், கழுகுமலைப் பாறையில் கொடி சுற்ற நிற்கும் பாகுபலியின் கோலமும் இதுவே. நிற்பவருக்கு மட்டுமன்றி அமர்ந்தவருக்கும் கிடந்தவருக்கும் இது உரியது. உடலின் இறுக்கம் தளர்கிறது. அறிவு மட்டும் விழித்திருக்கிறது. இறுக்கம் தளர்ந்த உடலுக்குப் பின்னர் நல்ல துயில் வருமாயின் அது பக்கவிளைவு, நோக்கம் அன்று.

இப்பழைய முறையைத் துறவு மடத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் தேராபந்த மரபின் ஒன்பதாம் ஆசாரியர் துளசியும், அவருக்குப் பின் பத்தாம் ஆசாரியரான மகாப்பிரக்ஞரும் ஆவர். துளசி தம் தென்னாட்டு யாத்திரையில் 1968-ஆம் ஆண்டுச் சாதுர்மாசத்தைச் சென்னையில் கழித்தார். ஏழாண்டுகளுக்குப் பின், 1975-இல், ஆகமங்களில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தொகுத்துப் பிரேக்ஷா தியானம் உருப்பெற்றது. ‘பிரேக்ஷை’ என்பதற்கு ஆழ்ந்து நோக்குதல் என்பது பொருள். முதலில் காயோத்சர்க்கம், பின் மூச்சை நோக்குதல், உடலை நோக்குதல் என அது படிப்படியாகச் செல்லும். மாணவர்க்கென ‘ஜீவன் விஞ்ஞான்’ என்னும் பாடத்திட்டத்தையும் மகாப்பிரக்ஞர் வகுத்தளித்தார். அமெரிக்காவின் மாசசூசெட்சில் ஜான் கபட்-சின் தம் எட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கியது 1979-இல். அவர் பௌத்த மரபிலிருந்து எடுத்தாண்ட உடல் நோக்கும் பயிற்சிக்கும் காயோத்சர்க்கத்திற்கும் உள்ள ஒற்றுமை வியப்பளிப்பது.

பிரேக்ஷா தியானத்தைக் கல்லூரி மாணவரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வொன்று 2021-இல் வெளிவந்தது. அதன் நோக்கு நினைவு, கவனம், மனநிலை ஆகியவற்றின்மீதே இருந்தது. ஆதலின் அதனைச் சுட்டி, இத்தியானம் செய்தால் உறக்கம் உறுதி என்று விளம்பரப்படுத்துவது பொருந்தாது. சமணர் வீட்டு வழக்கங்களுள் துயிலுக்கு நேரடியாக உதவுவது ஒன்றுண்டு. அது இரவுண்ணாமை. சூரியன் மறையுமுன் உண்டவர் வயிற்றுச் சுமையோடு படுப்பதில்லை.

பயிற்சிக்கு நெடுநேரம் வேண்டுமே என்று மாணவர் தயங்குவர். சாமாயிகத்திற்குரிய காலம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். அதற்கும் இயலாதவர்க்குச் சிறிய அளவும் உண்டு. காயோத்சர்க்கத்தை முன்னோர் மூச்சினால் அளந்தனர். மாலைப் பிரதிக்கிரமணத்திற்கு 108 மூச்சு, காலைக்கு அதிற்பாதி என்பது திகம்பர நூலாகிய மூலாசாரம் கூறும் கணக்கு. பஞ்ச நமஸ்கார மந்திரம் ஒன்றுக்கு மூன்று மூச்சாக ஒன்பது முறை எண்ணினால் 27 மூச்சு. படுக்கும் முன் பாயில் அமர்ந்து எண்ணி முடிக்கச் சில நிமிடங்களே ஆகும்.