இரட்டை மதகு

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஏழாவது மருதூர். அங்கே தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது: மேலக்கால், கீழக்கால். ஒரு மதகை மட்டும் திறந்துவிட்டுத் தூங்கப் போனால்? மறுபக்கத்துப் பிசான நெல் காயும். திறந்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் கடைமடைவரை தண்ணீர் எட்டிற்றா என்றும் பார்க்கவேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் வாருங்கள்.

1984-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஒரு புது மெமரியை அறிவித்தார். கரண்ட் போனாலும் எழுதியது போகாது. அழித்தால் மொத்தமாக, ஒரே வீச்சில்! சக ஊழியர் ஒருவருக்கு கேமரா ஃப்ளாஷ் ஞாபகம் வர, பெயர் ஒட்டிக்கொண்டது. 1988-ல் இன்டெல் விற்பனையைத் தொடங்கியது.

எழுதவும் அழிக்கவும் ஃப்ளாஷுக்குத் தனிக் கட்டளைகள் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி வேறு! குழப்பம் தீர இன்டெல், ஏ.எம்.டி., ஷார்ப், ஃபுஜிட்சு சேர்ந்து சி.எஃப்.ஐ. என்ற பொது விதியை வகுத்தன. 55 என்ற முகவரியில் 98 என்று எழுதினால் (இரண்டும் ஹெக்ஸ் எண்கள்), சிப் 'க்யூ, ஆர், ஒய்' என்று குரல் கொடுத்துத் தன் ஜாதகத்தைச் சொல்லும். அதைக் கேட்டு வேலை வாங்குவது டிரைவர். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு துபாஷி.

2000-ல் காம்பாக் ஐபேக் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வந்தது. அதன் ஸ்ட்ராங்ஆர்ம் ப்ராசஸர் ஒரே மூச்சில் 32 பிட் படிக்கும். ஃப்ளாஷ் சிப்போ 16 பிட்தான். சரி, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வை!

அதில் லினக்ஸை ஏற்றியவர்களுக்கு வந்தது மருதூர் பிரச்னை. 98 என்றால் ஒரு சிப்தான் விழிக்கும். மற்றது தேமே என்றிருக்கும். 00980098 என்று இரட்டையாகச் சொல்லவேண்டும். 'முடிந்ததா?' என்று கேட்டு, இரண்டும் ஆமாம் என்னும்வரை பொறுக்கவேண்டும். அவசரப்பட்டால் பாதித் தகவல் போச்சு! டேவிட் வுட்ஹவுஸ் முதலானவர்கள் இந்தக் கணக்கையெல்லாம் கெர்னலுக்குள் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டார்கள்.

இதில் நமக்கென்ன?

2001 ஏப்ரலில் பெங்களூரில் சிம்ப்யூட்டர் அறிமுகமானது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் உருவாக்கியது. அதே ஸ்ட்ராங்ஆர்ம், அதே லினக்ஸ். ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஃப்ளாஷ்தான் நிரந்தர ஞாபகம். ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு, படிக்கத் தெரியாதவருக்கு அதுவே வாசித்துக் காட்டும் என்பது கனவு. ஏழையின் கணக்கு அதில் ஏறவேண்டுமென்றால், பாதி எழுதிவிட்டு மறக்கிற மெமரி உதவுமா? இயங்குதளத்துக்கு லைசென்ஸ் கட்டணம் கொடுத்தால் விலைதான் கட்டுப்படியாகுமா?

2004-ல் பெல் நிறுவனம் (எழுத்தாளர் சுஜாதா பணியாற்றிய அதே பெல்) பிகோபீட்டாவுடன் சேர்ந்து, அமிடா என்ற பெயரில் சுமார் பத்தாயிரம் ரூபாயிலிருந்து விற்றது. எதிர்பார்த்தபடி போகவில்லை. செல்போன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கருவி போனது, சி.எஃப்.ஐ. டிரைவர் போகவில்லை. லினக்ஸ் கெர்னலில் இன்றும் இருக்கிறது. அணை கட்டிய ராஜாவின் பெயர் கல்வெட்டில் நிற்கும். ராத்திரியில் மண்வெட்டியோடு மதகுக்குப் போன நீர்பாய்ச்சியின் பெயரை யார் பொறித்தார்கள்? கெர்னலில் மட்டும் ஒரு நல்ல வழக்கம்: ஒவ்வொரு திருத்தத்தோடும் திருத்தியவர் பெயரும் பதிவாகிறது.